ஆள்சேர்ப்பு அமைப்பின் அறிவு மேலாண்மை: கங்காணி முறையையும் இலங்கைத் தொழிலாளர் ஆணையத்தையும் முன்வைத்து ஒரு மதிப்பீடு

ஆய்வுச் சுருக்கம்

ஆள்சேர்ப்பு நிறுவனம் ஒன்று தன்னகத்தே திரட்டும் அறிவை எவ்வாறு பேணுகிறது, யாருடன் பகிர்கிறது என்பதை அளந்தறிய இன்றைய மேலாண்மையியல் அளவுகோல்கள் சிலவற்றை வகுத்துள்ளது. அவை பெரும்பாலும் நிறுவனத்தின் எல்லைக்குள்ளேயே நின்றுவிடுவன. வேலைக்குச் சேர்க்கப்படும் மனிதர் அந்த அளவையில் இடம்பெறுவதில்லை. 1904ஆம் ஆண்டு திருச்சிராப்பள்ளியில் நிறுவப்பெற்ற இலங்கைத் தொழிலாளர் ஆணையத்தையும் அதற்கு முன்னிருந்து நிலவிய கங்காணி முறையையும் எடுத்துக்கொண்டு, அங்கு அறிவு எவரிடம் இருந்தது, எவ்வடிவில் பதிவாயிற்று, எவரை எட்டவில்லை என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. எட்டாமையின் விளைவு 1948க்குப் பிந்திய குடியுரிமைச் சிக்கல் வரை நீள்வதையும் சுட்டுகிறது.

திறவுச்சொற்கள்: ஆள்சேர்ப்பு, அறிவு மேலாண்மை, உள்ளுறை அறிவு, கங்காணி, துண்டு, தகர வில்லை, மலையகத் தமிழர்.

முன்னுரை

நெசவாலைக்குத் தறி உண்டு. வணிகனுக்குச் சரக்கு உண்டு. ஆள்சேர்ப்பு நிறுவனத்திற்கு இருக்கும் ஒரே முதல் அறிவு. எந்த ஊரில் எத்தகைய ஆள் கிடைப்பார், எந்த முதலாளிக்கு எத்தகையவர் தேவை, இன்னார் சொன்ன சொல் தவறாதவரா, இன்ன இடத்தில் கூலி ஒழுங்காகக் கிடைக்குமா என்பன போன்ற செய்திகளே அதன் கையிருப்பு. பழகிய அலுவலர் ஒருவர் பணிவிலகும்போது அக்கையிருப்பில் ஒரு பகுதி அவரோடு வெளியேறிவிடுகிறது. ஆகவேதான் அத்தகைய நிறுவனங்கள் தம் பணியாளர் மனத்தில் உள்ளதைப் பதிவேட்டிலும் கணினியிலும் ஏற்றிவைக்க முயல்கின்றன.

மனத்தில் உள்ளதனைத்தும் எழுத்தில் இறங்குவதில்லை என்பதை மைக்கேல் பொலானி 1966இல் வெளியான தம் நூலில் விளக்கினார். சொல்லால் முழுதும் உரைக்க இயலாத இவ்வறிவை இக்கட்டுரை ‘உள்ளுறை அறிவு’ எனக் குறிக்கிறது. (உள்ளுறை என்ற சொல் அகப்பொருள் இலக்கணத்தில் வேறு பொருளில் ஆளப்படுவதை ஆய்வாளர் மறக்கவில்லை, எனினும் இவ்விடத்திற்கு இதனினும் பொருந்திய சொல் கிடைக்கவில்லை.) இகுஜிரோ நொனாகாவும் ஹிரோடாகா டாகேயுச்சியும் 1995இல் வெளியிட்ட நூலில், உள்ளுறை அறிவு பழகிப் பகிரப்படுதல், வெளிப்படையாக்கப்படுதல், பிற அறிவோடு இணைக்கப்படுதல், மீண்டும் உள்வாங்கப்படுதல் என நான்கு நிலைகளில் சுழல்வதாகக் காட்டினர். அவர்கள் முதன்மையாக எடுத்துக்கொண்டவை புதிய பொருள்களை உருவாக்கிய ஜப்பானிய நிறுவனங்கள். ரொட்டி செய்யும் பொறியைப் பற்றிய அறிவு பகிரப்படும்போது பொறிக்கு அதனால் நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. ஆள்சேர்ப்பில் அறியப்படும் பொருள் மனிதர். இவ்வேறுபாட்டை மேற்கண்ட சுழற்சி கணக்கில் கொள்ளவில்லை.

இன்றைய நிறுவனங்கள் தம் பதிவேடுகளைப் புறத்தாருக்குத் திறந்து காட்டுவதில்லை. காலத்தால் முற்பட்ட ஆள்சேர்ப்பு அமைப்புகளின் நடைமுறையோ சட்டங்களிலும் அரசு அறிக்கைகளிலும் தடம் பதித்துள்ளது. தமிழகத்திலிருந்து இலங்கைக்கும் மலாயாவுக்கும் சென்ற தொழிலாளர் குறித்து மார்ஜோரிபாங்ஸ், அகமது தம்பி மரைக்காயர் ஆகிய இருவரும் 1917இல் அளித்த அறிக்கை அவற்றுள் குறிப்பிடத்தக்கது. எனவே இன்றைய வினாவை அன்றைய அமைப்பிடம் கேட்பது தகும்.

கங்காணி: அறிவின் உடைமையாளர்

கங்காணி என்னும் சொல் கண்காணி என்பதன் திரிபு. சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயிற் காரியங்களை மேற்பார்ப்பவரைக் குறிக்கக் கண்காணி என்ற சொல் வழங்கியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கும், பின்னர்த் தேயிலைத் தோட்டங்களுக்கும் ஆள் கொண்டுவருபவரின் பெயராயிற்று. அவரே ஆள் சேர்ப்பவர், வழித்துணை, வேலை வாங்குபவர், கடன் கொடுப்பவர். பெரிய கங்காணியின் கீழ்ச் சில்லறைக் கங்காணிகள் இருந்தனர். ஒவ்வொரு சில்லறைக் கங்காணியின் கீழும் பெரும்பாலும் உறவாலும் ஊராலும் சாதியாலும் பிணைந்த ஒரு சிறு கூட்டம் இருந்தது.

கங்காணி தம் ஊருக்குத் திரும்பிச் சென்று ஆள் திரட்டினார். எந்த வீட்டில் கடன் முற்றியிருக்கிறது, யாருக்குப் பண்ணையாரோடு பகை, எந்தப் பெண்ணின் மணவாழ்வு முறிந்தது, மழை பொய்த்த ஆண்டில் எந்தச் சேரி முதலில் பசிக்கும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். இவ்வறிவை எந்தத் தோட்டத்துரையும் காசு கொடுத்து வாங்க முடியாது. கங்காணியைத்தான் வாங்க முடியும். அதனால்தான் அவருக்குத் தலைக்காசும், அவருடைய ஆட்கள் வேலைக்கு வந்த நாள் கணக்கில் பென்சுக் காசும் வழங்கப்பட்டன. ஊதியமுறை என்ற வகையில் இவற்றைப் பொருளியலார் பேசியுள்ளனர். அறிவு மேலாண்மை என்ற நோக்கில் காணின், ஓர் அமைப்பு தன்னால் எழுதிவைத்துக்கொள்ள இயலாத அறிவுக்குச் செலுத்திய வாடகை இது எனக் கருத இடமுண்டு.

பழகிப் பகிர்தல் என்னும் நிலை கங்காணிக்கும் அவர்தம் கூட்டத்துக்கும் இடையே நிகழவே செய்தது. ஆனால் அதன் அளவைத் தீர்மானித்தவர் கங்காணி. மலைக்குளிர், அட்டைக்கடி, நெடுநடை ஆகியவை ஊரில் சொல்லப்படவில்லை என்னும் குறை மலையக நாட்டார் பாடல்களில் திரும்பத் திரும்ப ஒலிப்பதை ஸி. வி. வேலுப்பிள்ளை முதலியோரின் தொகுப்புகளைப் பயின்றோர் அறிவர். ஏமாற்றத்தைப் பாடும் அப்பாடல்களை, சேர்க்கப்பட்டோர் தமக்குள் நடத்திக்கொண்ட அறிவுப் பகிர்வு என்றே கொள்ளலாம். அது காலந்தாழ்ந்த பகிர்வு. கேட்டவர்கள் ஏற்கெனவே மலையேறியிருந்தனர்.

துண்டு

துண்டு என்பது சிறு தாள். இலங்கைத் தமிழில் இன்றும் சிறு குறிப்பெழுதிய தாளைத் துண்டு என்பர். தோட்ட வழக்கில் அது தனிப் பொருள் பெற்று, அப்பொருளோடு ஆங்கில அறிக்கைகளிலும் புகுந்தது. ஒரு கங்காணியின் கணக்கில் நிற்கும் இவ்வளவு தொகை தீர்க்கப்பட்டால் அவரையும் அவர்தம் ஆட்களையும் விடுவிக்க இசைவு என்று தோட்டத்துரை எழுதிக் கையொப்பமிட்டுத் தரும் சீட்டே துண்டு. கங்காணி அதனை வேறொரு தோட்டத்துக்கு எடுத்துச் செல்வார். புதிய துரை முன்பணம் தருவார். பழைய கடன் தீரும். புதிய கடன் பிறக்கும். கை மாறும்தோறும் தொகை பெருகும் இயல்பினது அது.

ஓர் ஆவணம் என்ற நிலையில் துண்டு வியப்பளிப்பது. ஒரு கூட்டத்தின் அளவு, அதன் சந்தை மதிப்பு, கங்காணியின் செல்வாக்கு, பழைய தோட்டத்தின் தேவை ஆகிய அத்தனையும் ஒற்றை எண்ணில் அடங்கின. வெளிப்படையாக்கல் என்னும் நிலைக்கு இதனினும் சுருக்கமான எடுத்துக்காட்டைக் காண்பதரிது. எழுதியவர் ஒரு துரை. படித்தவர் மற்றொரு துரை. சுமந்து சென்றவர் கங்காணி. அச்சீட்டின் பொருளாக இருந்த மக்களோ அதில் என்ன தொகை எழுதப்பட்டிருக்கிறது என்பதைக் கங்காணி சொன்னால் அறிவர், சொல்லாவிடில் அறியார். தம்மில் ஒவ்வொருவருக்கும் உரிய பங்கு எவ்வளவு என்பதை அறியும் வழி அதனினும் குறைவு.

தொழிலாளி தானே விலகிச் செல்வதற்கு 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் தடையாக நின்றது. முன்னறிவிப்பின்றி வேலையை விட்டு நீங்குதல் அச்சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம். நீங்குவதற்குப் ‘பத்துச்சீட்டு’ வேண்டும். பற்றுச்சீட்டு என்பதன் தோட்ட வழக்கு அது. ஆக, ஒருவரது போக்குவரவு முழுவதும் பிறர் எழுதிய தாள்களைச் சார்ந்திருந்தது. துண்டு முறை 1921இல் சட்டத்தால் தடைசெய்யப்பட்டது.

திருச்சிராப்பள்ளி அலுவலகம்

துண்டு முறையால் தோட்டத்துரைமாரும் துன்புற்றனர். ஒருவர் கங்காணிக்கு எவ்வளவு முன்பணம் தந்தார் என்பது மற்றவருக்குத் தெரியாது. தெரிவிப்பதும் அவருக்கு நட்டம். போட்டியாளர் தமக்குள் அறிவை மறைத்ததால் ஆள் சேர்க்கும் செலவு ஏறிக்கொண்டே போயிற்று. இன்றைய பெருநகரங்களில் ஒரே வேலைக்கு ஒரே ஆளைப் பல முகவர்கள் தனித்தனியே முன்மொழிந்து பூசலிடும் நிலைக்கு இது ஒப்பானது. இலங்கைத் தோட்டத்துரைமார் சங்கம் 1904இல் திருச்சிராப்பள்ளியைத் தலைமையிடமாகக் கொண்டு தொழிலாளர் ஆணையத்தை நிறுவியதற்கு இதுவே முதன்மைக் காரணம்.

இடத் தேர்வு கருதிச் செய்யப்பட்டது. திருச்சிராப்பள்ளி, சேலம், தஞ்சை, மதுரை, இராமநாதபுரம் மாவட்டங்களும் புதுக்கோட்டைச் சமஸ்தானமும் ஆட்கள் மிகுதியாகக் கிடைத்த பகுதிகள். புகைவண்டிச் சந்திப்பான திருச்சிராப்பள்ளியிலிருந்து அவை அனைத்தையும் எட்டலாம். ஆணையம் கிளை அலுவலகங்கள் வழியாகக் கங்காணிகளுக்குப் பணம் கிடைக்கச் செய்தது, அவர்தம் செலவைக் கவனித்தது, சேர்த்த ஆட்களை வழியனுப்பியது, ஊர்ப்புறங்களில் இலங்கையைப் பற்றிப் பரப்புரை செய்தது. தனித்தனித் தோட்டங்களின் கையில் சிதறிக் கிடந்த செய்திகள் ஓரிடத்தில் குவிந்தன. நொனாகா கூறும் இணைத்தல் என்னும் நிலை இங்கு முறையாகவே நடந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

இக்காலத்துக்குரிய மற்றொரு கருவி தகர வில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் புகுத்தப்பட்ட இதில், தோட்டம் இருக்கும் மாவட்டத்தைக் குறிக்கும் எழுத்தும் தோட்டத்தின் பதிவெண்ணும் பொறிக்கப்பட்டிருக்கும். கங்காணி அதனைத் தொழிலாளியிடம் தருவார். அதைக் காட்டினால் கையில் காசின்றியே தோட்டம் வரை போய்ச் சேரலாம். பயணச் செலவு தோட்டத்தின் கணக்கில் எழுதப்படும். தூத்துக்குடி வழியில் தட்டப்பாறை முகாமிலும், 1914இல் பாம்பன் பாலமும் தனுஷ்கோடி - தலைமன்னார் வழியும் திறக்கப்பட்ட பின்னர் மண்டபம் முகாமிலும் வில்லையைப் பார்த்தே ஆட்கள் பிரித்து அனுப்பப்பட்டனர். மொழி தெரியாத அலுவலருக்கும் அது புரியும். வழியில் நனையாது, கிழியாது. செய்தியைப் பிழையின்றிக் கடத்துவதில் இதனைக் குறைகூற எதுவுமில்லை.

ஆனால் அதைக் கழுத்தில் அணிந்து சென்றவர் தம் நெஞ்சின்மேல் கிடந்த எழுத்தையும் எண்ணையும் படிக்க அறியார். தாம் போகும் மலை எது, அத்தோட்டத்தில் கூலி என்ன, பயணச் செலவு இறுதியில் யார் தலையில் விழும் என்பவற்றை வில்லை சொல்லாது. அது சொல்ல வேண்டும் என்று எவரும் கருதவும் இல்லை. இங்கேதான் அளவுகோலின் குறை தெளிவாகிறது. அறிவு விரைவாகவும் பிழையின்றியும் பகிரப்பட்டதா என்று கேட்டால் ஆணையம் மிக நல்ல மதிப்பெண் பெறும். யாருக்குப் பகிரப்பட்டது என்ற வினா எழுப்பப்படும் வரை அதன் குறை கண்ணுக்குத் தெரியாது.

மொழி ஒரு வாயில்

தோட்டத்துக்குப் புதிதாக வரும் சின்னத்துரை தமிழ் கற்க வேண்டியிருந்தது. அதற்கெனக் கைநூல்கள் கொழும்பில் அச்சாயின. ஏ. எம். பெர்குசன் பெயரில் வழங்கும் நூலின் தலைப்பே ‘இங்கே வா’ என்பது. டபிள்யூ. ஜி. பி. வெல்ஸ் 1915இல் எழுதிய நூலுக்குப் பெயர் ‘கூலித் தமிழ்’. நிறுவன அறிவைப் புதியவருக்குக் கைமாற்றும் கையேடுகள் என்ற வகையில் இவை இன்றைய பணிப் பயிற்சிக் கையேடுகளுக்கு முன்னோடிகள். தமிழ் இலக்கணம் பயின்றோர் முதலில் காண்பது தலைப்பில் உள்ள ஏவல் முற்றைத்தான். முன்னிலை ஒருமை ஏவல். மரியாதைப் பன்மை இல்லை. வேலை வாங்குவதற்குத் தேவையான தமிழ் எவ்வளவோ அவ்வளவே நிறுவனத்துக்குத் தேவையான தமிழாக இருந்தது. தொழிலாளி துரையிடம் கணக்குக் கேட்பதற்குரிய தமிழ் தனியே ஆராயத்தக்கது.

இக்கைநூல்கள் சொல்வரலாற்றுக்குத் தரும் பயன் பெரிது. இவை தமிழகப் பல்கலைக்கழகங்களில் போதிய அளவு ஆராயப்படாமை வருந்தத்தக்கது.

உரிமமும் மாற்று வழிகளும்

1922ஆம் ஆண்டின் இந்தியக் குடிபெயர்வுச் சட்டமும், இலங்கையில் 1923ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கத் தொழிலாளர் சட்டமும் நிலையைச் சற்று மாற்றின. கங்காணி உரிமம் பெற வேண்டும். உரிமத்தை ஊர்த் தலைமைக்காரரிடம் காட்ட வேண்டும். பயணச் செலவை ஒரு பொது நிதி ஏற்றது. இந்திய அரசின் முகவர் ஒருவர் கண்டியில் அமர்த்தப்பட்டார். அவர் ஆண்டுதோறும் அறிக்கை எழுதினார். இதனால் ஆள்சேர்ப்பு குறித்த அறிவு முதன்முறையாக அமைப்புக்கு வெளியே ஒழுங்காகச் சென்றது. சென்ற திசை புதுதில்லி. சென்ற மொழி ஆங்கிலம்.

தமிழில், தொழிலாளர் கைக்கு எட்டும்படி அதனைக் கொண்டு சென்றவர் கோ. நடேசய்யர். தஞ்சைப் பகுதியிலிருந்து இலங்கை சென்ற அவர் புடைவை விற்பவர் போலத் தோட்டங்களுக்குள் நுழைந்து நிலைமையைக் கண்டறிந்தார் என்பது மலையக வரலாற்றில் நன்கறிந்த செய்தி. இதழ்களை நடத்தியதோடு, தொழிலாளருக்குரிய சட்ட உரிமைகளை எளிய தமிழில் சிறு நூல்களாக வெளியிட்டார். 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் இருந்தும், அப்படி ஒன்று உண்டு என்று தொழிலாளிக்குச் சொல்பவர் இல்லாத காலம் அது. அவர்தம் துணைவியார் மீனாட்சியம்மாள் கூட்டங்களில் பாட்டாகப் பாடிச் செய்தியைக் கொண்டு சேர்த்தார். எழுத்தறியாதோரிடம் ஆவண அறிவைப் பாட்டின் வழி சேர்ப்பது நம் மரபுக்குப் புதிதன்று. எனினும் ஆள்சேர்ப்பு அமைப்பு செய்யத் தவறிய பகிர்வை அதன் எதிர்த்தரப்பு செய்து முடித்தது என்ற வகையில் இது தனித்த கவனத்துக்குரியது. இந்தப் பாடல்களையும் துண்டுநூல்களையும் இலக்கியத் தரம் பற்றிய வினாவோடு மட்டும் அணுகிக் குறைவாக மதிப்பிடும் போக்கு நம் துறையில் உண்டு. ஆய்வாளருக்கு அதில் உடன்பாடில்லை.

உதவி பெற்றுக் குடிபெயர்வதை இந்திய அரசு 1939இல் தடைசெய்தது. அதோடு தமிழக ஊர்களிலிருந்து புதிதாக ஆள் சேர்க்கும் வேலை முடிவுக்கு வந்தது.

சான்று கேட்கப்பட்டபோது

ஆள்சேர்ப்பு நின்ற பின்னரும் அதன் பதிவுகளுக்கு ஒரு தேவை எழுந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க இலங்கைக் குடியுரிமைச் சட்டம், தந்தையோ தந்தைவழி மூதாதையரோ இலங்கையில் பிறந்ததற்குச் சான்று கேட்டது. அடுத்த ஆண்டில் வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் குடியுரிமைச் சட்டம், 1946 சனவரி 1க்கு முன் மணமானவர் ஏழாண்டும் மணமாகாதவர் பத்தாண்டும் இடைவிடாது வாழ்ந்தமையை மெய்ப்பிக்கச் சொன்னது. எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தனர். ஏற்கப்பட்டோர் ஏறத்தாழ 1,34,000 பேர்.

இதற்கு அரசியற் காரணங்கள் பல. அவை பிறரால் விரிவாக ஆராயப்பட்டுள்ளன. இக்கட்டுரையின் நோக்கில் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒருவர் எந்த நாளில் எந்தத் தோட்டத்தில் பெயர் பதிந்தார், எத்தனை நாள் வேலைக்கு வந்தார் என்பதை ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் செக்ரோலில் எழுதிவந்த அமைப்பு அது. இந்தியத் தொழிலாளரைப் போல நுணுக்கமாகப் பதிவுசெய்யப்பட்ட மக்கள் அத்தீவில் குறைவு. தம்மைப் பற்றிய அப்பதிவுகள் அவர்கள் கையில் இருக்கவில்லை. தோட்டம் கைமாறியபோது பழைய ஏடுகள் தொலைந்தன. ஒரே ஆளின் பெயர் ஏட்டுக்கு ஏடு வேறுபட்டது. முனியாண்டி ஓரேட்டில் முனியனாகவும் மற்றோரேட்டில் ஆண்டியாகவும் இருப்பின் இருவர் எனக் கொள்ளவும் இடமாயிற்று. கூலியைக் கணக்கிடுவதற்குப் போதுமானதாக இருந்த பெயர், குடியுரிமைக்குப் போதவில்லை. அமைப்பின் உள் தேவைக்கு மட்டும் வடிவமைக்கப்பட்ட பதிவு, அதில் பதியப்பட்டவருக்குத் தேவை நேர்ந்தபோது உதவாமற் போனது இவ்வாறே.

1964இல் கையெழுத்தான சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரை எண்ணிக்கையாகப் பங்கிட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பற்றிய முடிவு பின்னர். இந்தியக் குடியுரிமை பெற்றுத் தாயகம் திரும்பியோர் தலைமன்னாரிலிருந்து கப்பலில் இராமேசுவரம் வந்து இறங்கினர். அவர்கள் முதலில் தங்கவைக்கப்பட்ட இடம் மண்டபம் முகாம். அவர்தம் பாட்டனாரும் பூட்டனாரும் தகர வில்லையோடு காத்திருந்த அதே முகாம்.  அங்கு அவர்கள் செல்லவிருக்கும் இடம் கேட்கப்பட்டது. மூன்று தலைமுறைக்கு முன் விட்டுவந்த ஊரின் பெயர் சிலருக்குத் தெரிந்திருந்தது. பலர் கூடலூர், கோத்தகிரிப் பகுதிகளின் அரசுத் தேயிலைத் தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டனர். சொந்த ஊர் எது என்ற வினாவுக்கான விடை ஒரு காலத்தில் கங்காணியின் நினைவிலும், அவர்கள் நின்றிருந்த அந்த முகாமின் பழைய பதிவேட்டிலும் இருந்தது.